ஐந்து புள்ளிகள்

2012 பிப்ரவரி 20, திங்கட்கிழமை. தவக்காலம் தொடங்க இரண்டு நாள்களே இருந்தன. திருச்சியில் ஒரு ஸ்கேன் நிலையத்தின் மங்கிய அறையில் என் மனைவியின் தலைமாட்டில் நின்றிருந்தேன். திரையில் எங்கள் முதற்குழந்தை அசைந்துகொண்டிருந்தது. பத்தொன்பது வாரமும் இரண்டு நாளும் ஆன உயிர். மருத்துவர் இதயத் துடிப்பைக் காட்டினார், முதுகெலும்பைக் காட்டினார், பின்னர் கருவியைத் தலைப்பக்கம் கொண்டுசென்று நிறுத்தினார். நிறுத்தியவர் நெடுநேரம் நகர்த்தவில்லை. பேச்சும் நின்றுவிட்டது. அந்த மௌனத்தை ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

கருவிலிருப்பது ஆணா பெண்ணா எனக் கேட்பதும் சொல்வதும் குற்றம் என்ற அறிவிப்புப் பலகை எதிர்ச் சுவரில் தொங்கியது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லா ஸ்கேன் அறைகளிலும் தொங்குவதுதான். அறியக் கூடாததை அறியாமலிருப்பது அன்று எத்துணை எளிதாக இருந்தது! அறிந்தாக வேண்டியதுதான் அரைகுறையாக வந்து சேர்ந்தது.

குழந்தையின் மூளைக்குள் இருபுறமும் சிறு நீர்க்கட்டிகள் தெரிகின்றன என்றார் மருத்துவர். மூளையைச் சுற்றி ஓடும் நீரைச் சுரக்கின்ற கோராய்டு பிளெக்ஸஸ் என்னும் திசுவில் அவை தோன்றுமாம். நூறு கருக்களில் ஒன்றிரண்டில் இவ்வாறு காணப்படுவதுண்டு. பெரும்பாலும் இருபத்தெட்டாம் வாரத்திற்குள் தாமாகவே கரைந்துபோகும். மூளையின் செயலுக்கு அவற்றால் ஊறு இல்லை. ஆனால் மிகச் சிலரிடம் அவை டிரைசோமி 18 என்னும் குறைபாட்டின் அடையாளமாக இருக்கக்கூடும். அக்குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளில் முதலாண்டைக் கடப்பவர்கள் வெகு சிலரே. "கையை மூடித் திறக்குது, பாருங்க. அந்தக் குறைபாட்டில் விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று மடிஞ்சு இறுகியிருக்கும். இதயத்திலும் குறை தெரியலை. நல்லதாகவே இருக்கலாம்" என்றார் அவர். இருக்கலாம்! அந்த ஒரு சொல்லோடு நாங்கள் பேருந்தேறி வீடு வந்தோம்.

இக்கருவியின் வரலாற்றைப் பின்னாளில் படித்தேன். மகப்பேறு மருத்துவத்திற்கு இதைக் கொண்டுவந்தவர் கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் இயான் டொனால்டு. போர்க்காலத்தில் விமானப் படையில் பணியாற்றியபோது ராடார், சோனார் கருவிகளை அறிந்தவர். உலோகத்தில் விரிசல் கண்டறியத் தொழிற்சாலைகளில் பயன்பட்ட கருவியையே அவர் முதலில் கையாண்டார். 1958-இல் 'லான்செட்' இதழில் அவருடைய ஆய்வு வெளியாயிற்று. கருவின் உயிரைப் பெரிதும் மதித்தவர், கருக்கலைப்புச் சட்டத்தை எதிர்த்தவர் அவர். எனினும் விரிசல் தேடும் கருவி என்ற செய்தி என் நெஞ்சில் தைத்தது. அந்த ஒன்பது வாரமும் என் கண் அப்படித்தானே இருந்தது!

மறுநாள் மகப்பேறு மருத்துவரைச் சந்தித்தோம். பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதித்தால் உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அச்சோதனையால் கரு கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு. முடிவு வர இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாளில் கருக்கலைப்புக்கு இருபது வாரம்வரையே இடமளித்தது. ஆகவே, "வேண்டாம்னு நினைச்சா முடிவு வர்றதுக்குக் காத்திருக்க முடியாது. சனிக்கிழமைக்குள்ள சொல்லணும்" என்றார். அவர் தூண்டவில்லை, எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னார், அவ்வளவே. "அந்தப் பேச்சே வேண்டாம், டாக்டர்" என்றாள் என் மனைவி. நானும் தலையசைத்தேன்.

ஊசிச் சோதனையையும் அவள் மறுத்தாள். உயிரைக் காக்கவும் குணமாக்கவும் உதவும் சோதனைகளைத் திருச்சபை தடுப்பதில்லை. குறை தெரிந்தால் அழித்துவிடலாம் என்ற எண்ணத்தோடு செய்வதையே தடுக்கிறது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1987-இல் வெளியிட்ட ஏட்டில் இது தெளிவாகவே உள்ளது. நான் அதை எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "தெரிஞ்சு என்ன செய்யப் போறோம்?" என்னிடம் விடை இல்லை. இல்லை என்பதைவிட, இருந்த விடையைச் சொல்லும் துணிவு இல்லை என்பதே உண்மை.

அன்றிரவு, அடுக்களைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் 21 முதல் 25 வரை ஐந்து தேதிகளின் கீழ் பென்சிலால் ஐந்து புள்ளிகள் வைத்தேன். கருவைக் கலைத்துவிடலாம் என்று நான் வாய் திறந்து ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதவு இன்னும் மூடவில்லை, இன்னும் நான்கு நாள், இன்னும் மூன்று நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். திருநீற்றுப் புதனன்று பீடத்தில் ஏறி, யோவேல் இறைவாக்கினரின் மனமாற்ற அழைப்பை மக்களுக்கு வாசித்தவன் நான். நெற்றியில் சாம்பல், வீட்டுக் காலண்டரில் புள்ளிகள். ஆண்டுக்கணக்கில் மறைக்கல்வி கற்பித்தவன் என்று சொல்லிக்கொள்ள நாணுகிறேன். சனிக்கிழமை கடந்தது. அன்றிரவுதான் அயர்ந்து உறங்கினேன்.

கதவு மூடியபின்னும் கவலை ஓயவில்லை. "செபியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று அன்பியத்தார் ஆறுதல் கூறினர். கவலைப்படுவது விசுவாசக் குறைவு என்று ஒருவர் இடித்துரைக்கவும் செய்தார். வானத்துப் பறவைகளைக் காட்டிக் கவலைப்படாதீர்கள் என்று சொன்ன அதே ஆண்டவர், கெத்சமனியில் வியர்வை இரத்தத் துளிகளாக விழ நின்றதை அவர் மறந்துவிட்டார் போலும். எனக்கு அப்போது பிடிப்பாக இருந்தது சிமியோன் முதியவரின் நிகழ்ச்சிதான். நாற்பது நாள் குழந்தையைக் கோவிலுக்கு எடுத்துவந்த தாயிடம், அவள் உள்ளத்தை வாள் ஊடுருவும் என்கிறார். எந்த வாள், எந்நாளில் என்பதில்லை. மீண்டும் எப்போது வந்து பார்ப்பது என்பதுமில்லை. அந்த அரைகுறை அறிக்கையைச் சுமந்துகொண்டு மரியா நாசரேத்துக்குத் திரும்பி, மாவரைத்து, நீர் மொண்டு, பிள்ளையை வளர்த்தார்.

என் மனைவியும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தாள். புதன்தோறும் பாலக்கரை சகாய மாதா கோவிலில் நவநாளுக்குச் செல்வாள். திரும்பும் வழியில் பழைய பருத்திச் சேலைகளைத் துணிக்கென்று கேட்டு வாங்கி வருவாள். குழந்தையோடு ஓயாமல் பேசுவாள். நானோ தொட்டில் வாங்குவதைத் தள்ளிப்போட்டேன். பெயர் பற்றிய பேச்சைத் தள்ளிப்போட்டேன். எனக்குப் பிறக்கவிருந்தது குழந்தையன்று, இருபத்தெட்டாம் வாரத்து அறிக்கைதான்.

புனித வாரத்தில், எங்கள் பங்கைச் சேராத ஒரு வயோதிகக் குருவிடம் ஒப்புரவு அருட்சாதனம் பெறச் சென்றேன். புள்ளிகளைப் பற்றிச் சொன்னேன். கண்டிப்பார் என எதிர்பார்த்தேன். "பிள்ளைக்கு என்ன பேர் பார்த்திருக்கிறீங்க?" என்று கேட்டார். இன்னும் பார்க்கவில்லை, சாமி என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, பிள்ளை பிறக்கும்வரை ஒவ்வோர் இரவும் அதனோடு ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று பரிகாரம் கொடுத்தார். வேறெந்தப் பரிகாரமும் எனக்கு அவ்வளவு கடினமாக இருந்ததில்லை. முதல்நாள் என்ன பேசுவதென்று தெரியாமல், அன்று பேருந்து பழுதாகி நின்றதையும் சத்திரம் நிலையத்தில் வெயிலில் காத்திருந்ததையும் சொன்னேன். மனைவி வயிறு குலுங்கச் சிரித்தாள். நாலைந்து நாள் கழித்து, பேசும்போது உள்ளிருந்து ஓர் உதை என் கன்னத்தில் பட்டது.

பாஸ்கா முடிந்து ஏப்ரல் 23 அன்று மீண்டும் அதே அறை. கட்டிகள் இருந்த இடம் தெரியவில்லை. மருத்துவர் மூன்று முறை தேடிவிட்டு, "போயிடுச்சு" என்றார். எனக்குக் கால்கள் தளர்ந்தன. உடனே வீட்டுக்கு ஓடி எல்லாரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது. வெளிக்கூடத்தில் ஓர் இளம்பெண் அறிக்கையை மடியில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய கணவன் சுவரைப் பார்த்து நின்றான். அவர்களுக்கு வந்தது 'இருக்கலாம்' அன்று. என் மனைவி நேரே சென்று அவளருகில் அமர்ந்தாள். ஒரு மணி நேரம் அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. அந்தக் கணவனிடம் சென்று நிற்க எனக்குத் துணிவு வரவில்லை. கையிலிருந்த உறையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நவநாளில் வாசிக்க ஒரு நன்றிக் கடிதம் எழுதும்படி உறவினர்கள் கூறினர். எழுத அமர்ந்தேன். கேட்டது கிடைத்தது என்று எழுத முனையும்போதெல்லாம், அந்தப் பெண் கேளாமலா இருந்திருப்பாள் என்ற வினா குறுக்கே வந்தது. கடிதம் இன்றுவரை எழுதப்படவில்லை. நன்றி இல்லாமலில்லை.

ஜூலையில் மகள் பிறந்தாள். 2021-இல் கருக்கலைப்புச் சட்டத்தில் திருத்தம் வந்தது. சில வகைப் பெண்களுக்கு இருபத்து நான்கு வாரம்வரை. மருத்துவக் குழு உறுதிசெய்யும் பெருங்குறை உள்ள கருவுக்குக் கால வரம்பே இல்லை. அத்திருத்தத்திற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த நாள் மார்ச் 25, வானதூதர் மரியாவுக்குத் தூதுரைத்த பெருவிழா. செய்தித்தாளில் அதைப் படித்த காலை, ஒன்பது ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்ததை மனைவியிடம் சொன்னேன். இருபத்து நான்கு வாரம் இருந்திருந்தால் எத்தனை புள்ளி வைத்திருப்பேனோ என்றும் சொன்னேன்.

அவள் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும். அந்தக் காலண்டரைத் தினமும் பால் கணக்கு எழுதப் பார்க்கிறவ நான்தானே" என்றாள். பிறகு பின்னலை முடிந்தபடி, மகள் காதில் விழாமல் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சனிக்கிழமை ராத்திரி நீங்க தூங்கினீங்க. அதுக்கப்புறம்தான் நான் தூங்கினேன்."