கிட்டங்கி கடந்து சவளக்கடை

விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "இம்முறை எங்கே செல்வது?" என்பதாகும். நுவரெலியாவின் குளிரையும் கண்டியின் பெருவிழாவையும் காண விழையாதார் யார்? ஆயினும், கையிலிருக்கும் பொருள் அனைத்தையும் வழிச்செலவுக்கே ஈந்து, களைத்துத் திரும்பும் குடும்பங்கள் பல. அண்மையிலுள்ள ஊரொன்றை ஆற அமரக் காண்பதில் உள்ள இன்பத்தை நாம் இன்னும் முழுமையாக உணர்ந்தோமில்லை. அத்தகைய ஊர்களுள் ஒன்று சவளக்கடை. ஒரு பகற்பொழுது அங்குத் தங்கிப் பார்க்கவேண்டியவை யாவை, எந்தப் பருவத்தில் செல்லுதல் நன்று என்பனவற்றை ஈண்டுக் கூறுவோம்.

அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டு வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அதன் கரையோரத்தில், முஸ்லிம் மக்களும் தமிழ் மக்களும் நெருங்கி வாழும் நகரம் கல்முனை. அங்கிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டால், நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு செல்லும் வீதி சிறிது தூரத்தில் நீர்ப்பரப்பொன்றை அடைகின்றது. அதுவே கிட்டங்கி. அதன்மேற் செல்லும் தாம்போதியைக் கடந்தால் நாவிதன்வெளிப் பிரதேசம். அதன் வாயிலில் நம்மை வரவேற்பது சவளக்கடை.

கிட்டங்கி என்னும் சொல்லுக்குப் பண்டகசாலை என்பது பொருள். அந்நீர்ப்பரப்பும் இயற்கை அன்னையின் பண்டகசாலையே எனலாம். ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் தென்கோடியைச் சார்ந்தது இது. இதனைக் காணச் செல்வோர் விடியற்காலையிலேயே செல்லல் வேண்டும். கதிரவன் எழுமுன்னரே தோணியிற் சென்றவர்கள் வீச்சுவலையை விரித்தெறிவர். வலை வட்டமாக விரிந்து நீரில் விழும் அழகைக் கண்ட சிறுவர் அவ்விடம் விட்டு அகல மனங்கொள்ளார். கரையோரப் புல்லிடையே கொக்குகள் ஒற்றைக் காலில் தவமிருக்கும். நீர்க்காகங்கள் மூழ்கி எழுந்து, பட்ட கொம்புகளிற் சிறகு விரித்து உலர்த்தும். மீன்கொத்தியின் நீலம் ஒரு கணம் மின்னி மறையும். உயிரியல் பயிலும் மாணவர் ஒரு குறிப்பேடும் பென்சிலும் கொண்டு சென்றால், பாடநூல் பல பக்கங்களிற் கூறுவதை ஒரு காலைப்பொழுதிலேயே கண்டறிவர்.

நீரைக் கடந்து அப்பாற் சென்றால், கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி. இதனை ஈண்டுள்ளோர் 'வட்டை' என்பர். வாய்க்கால் வரம்புகளின் வழியே நடப்பதற்கும் துவிச்சக்கர வண்டியிற் செல்வதற்கும் இதனினும் ஏற்ற இடம் அரிது. பெரும்போகத்து நெல் தை மாதத்திற் பச்சைக் கம்பளமாய்க் கிடக்கும். மாசி, பங்குனியிற் பொன்னிறமாகும். முன்னாளில் அறுத்த உப்பட்டியைச் சூடு வைத்துக் களவெட்டியில் எருமைகளைக் கொண்டு மிதிப்பித்தனர். இன்று அப்பணியை இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்துவிடுகின்றது. ஆயினும் போடியார், முல்லைக்காரன், வட்டவிதானை என்னும் சொற்கள் இன்னும் முதியோர் நாவில் வாழ்கின்றன. அவர்களோடு சற்று அமர்ந்து உரையாடுதலும் ஊர் பார்த்தலின் ஒரு பகுதியே.

இவ்வட்டாரத்து வயல்களுக்குப் பாயும் நீர் எங்கிருந்து வருகின்றது என்று பிள்ளைகள் வினவுவர். அதற்கு விடை காண அம்பாறை நகரைக் கடந்து இங்கினியாகலைக்குச் செல்லவேண்டும். பட்டிப்பளையாறு என நாம் வழங்கும் கல்லோயாவை மறித்து அணைகட்டும் திட்டம் 1949ஆம் ஆண்டு தொடங்கிற்று. அதனால் உருவான சேனாநாயக்க சமுத்திரம் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கமாகும். அதனைச் சூழ்ந்த காடு 1954இல் தேசிய வனமாக்கப்பட்டது. படகிற் செல்வோர், யானைகள் ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கு நீந்திச் செல்லும் காட்சியைக் காணும் பேறு பெறுதலுமுண்டு.

ஒரு நாள் மிகுதியாகத் தங்குவோர் சூழவுள்ள ஊர்களையும் காணலாம். சொறிக்கல்முனையிற் கத்தோலிக்கரின் திருச்சிலுவை ஆலயம் உள்ளது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்ற விழா நிகழும். மருதமுனையில் கைத்தறியின் ஓசையைக் கேட்கலாம். காரைதீவு, 1892இல் விபுலானந்த அடிகளாரை ஈன்ற ஊர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கி, 'யாழ் நூல்' தந்த பெரியார் அவர். இக்கரையோரத்தில் நிற்கும்போது, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கொண்டுசென்ற உயிர்களை எண்ணி ஒரு கணம் மௌனமாதல் நம் கடன்.

இது நிற்க. மேலைநாட்டார் ஆற்றங்கரைச் சிற்றூர்களை எவ்வாறு போற்றுகின்றனர் என்பதையும் நோக்குவோம். பிரான்சின் டோர்டோன் ஆற்றங்கரையில் லா ரோக் கஜாக் என்றோர் ஊர். பின்னே நெடும்பாறை, முன்னே ஆறு, இடையே ஒடுங்கிய வீடுகள். தெற்கு நோக்கிய அப்பாறை வெயிலை ஏந்தி வைத்திருப்பதால், அக்குளிர்நாட்டிலும் அங்கு வாழை வளர்கின்றது. முற்காலத்தில் மரமும் மதுவும் ஏற்றிச்சென்ற தட்டையடிப் படகுகளின் வடிவிற் செய்த படகுகள், இன்று விருந்தினரை ஏற்றிச் செல்கின்றன. சிலர் சிறு தோணிகளைத் தாமே வலித்து மகிழ்வர். ஆயின், ஊருக்கு எழிலூட்டிய அதே பாறை 1957ஆம் ஆண்டு சரிந்து வீழ்ந்து, வீடுகளைத் தகர்த்து மூவர் உயிரைக் குடித்தது. ஊரார் பாறையை வெறுத்து ஓடினாரல்லர். அதனை அஞ்சவேண்டிய அளவுக்கு அஞ்சி, அதன் அடியிலேயே வாழ்கின்றனர்.

சவளக்கடைக்கு அப்பாறை போன்றது கிட்டங்கி நீர். ஒரு சித்திரை விடுமுறையில் மாணவர் சிலரோடு நாம் அங்குச் சென்றிருந்தபோது, தாம்போதியருகே முதியவர் ஒருவர் நெல்மூட்டை ஏற்றிய வண்டிக்குக் காவலாய் நின்றார். "காக்கா, மாரியிலயும் இந்தப் பாதையால போக ஏலுமா?" என்று வினவினோம். அவர் சிரித்துக்கொண்டே, "தண்ணி ஏறினா றோட்டும் தெரியா, பள்ளமும் தெரியா, சேர். பொறுத்திருந்துதான் போகணும்" என்றார். மாணவர் தம் குறிப்பேட்டில் அதனை எழுதிக்கொண்டனர்.

அம்மொழி வெறும் பேச்சன்று. கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவமழை கொட்டும். மேலே நிரம்பிய குளங்களின் நீரும் தாழ்நிலம் தேடி வரும். அக்காலங்களில் இத்தாம்போதியை வெள்ளம் மூடிப் போக்குவரத்துத் தடைப்பட்ட செய்தியைப் பல ஆண்டுகளாக நாம் படித்து வந்துள்ளோம். அயலிலே, காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில், 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்ததை யார் மறப்பர்? வெள்ளம் மேவிய வீதியிற் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர் பலர் பிணமாகவே மீட்கப்பட்டனர். முழங்கால் அளவே தோன்றும் நீரோட்டமும் நின்ற மனிதனை வீழ்த்த வல்லது. வாகனத்தையும் அது மிதக்கச் செய்து புரட்டிவிடும். இவ்வுண்மையை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் வேண்டும்.

இப்பாதை ஊர் பார்ப்போர்க்கு ஒரு நாட் பாதை. ஈண்டு வாழ்வோர்க்கோ அன்றாடப் பாதை. மேற்கேயிருந்து நெல்லும் தயிரும் நகருக்கு வருகின்றன. நகரிலிருந்து துணியும் மருந்தும் அப்பாற் செல்கின்றன. மாணவரும் நோயாளரும் இதன் வழியே செல்வர். 2009 வரை நீடித்த நெடும்போர் இருசாராரையும் இடம்பெயரச் செய்து, மனங்களிலும் வடு விளைத்தது. அதன்பின்னும் சந்தைக்கும் வயலுக்கும் இடையே முஸ்லிமும் தமிழரும் இப்பாதையாலேயே சென்று வருகின்றனர். ஆதலின், இத்தாம்போதி காக்கப்படுவதென்பது இரு மக்களின் வாழ்வும் உறவும் காக்கப்படுவதேயாகும்.

ஆகவே, செல்ல விரும்புவோர் மாசி முதல் ஆவணி வரையுள்ள காலத்தைத் தெரிந்தெடுப்பாராக. குடையும் குடிநீரும் உடன்கொண்டு, வரம்பில் நடக்கையில் இளம்பயிரை மிதியாது, பிளாஸ்டிக் போத்தல்களை நீரில் எறியாது, வலைஞரின் வேலைக்கு இடையூறு செய்யாது காண்பாராக. திரும்புங்கால் வீதியோரத்தில் ஒரு சட்டி எருமைத் தயிரும் கல்முனைச் சந்தையிற் பன்பாய் ஒன்றும் வாங்கி வரலாம். அவை தீர்ந்தும் தேய்ந்தும் போகும். நீரை நேசிக்கவும் நீருக்கு அஞ்சவும் நம் பிள்ளைகள் அங்குக் கற்றுவரும் பாடமோ அவர்தம் ஆயுளுக்கும் துணையாகும்.