பால் சங்கத்துக் கணக்கும் பழைய விண்டோஸும்

பால் ஊத்துற வீடுகளுக்குத் தீபாவளின்னா முதல்ல போனஸ், அப்புறம்தான் பட்டாசு. வருஷம் பூரா சங்கத்துக்கு எவ்வளவு பால் ஊத்தினோமோ அதுக்குத் தகுந்த ஒரு தொகை தீபாவளிக்கு முன்னாடி கைக்கு வரும். ஒத்தக் கறவையை வெச்சுக்கிட்டு இருக்கிற வீட்டுல பேரன் பேத்திக்குத் துணி எடுக்கிறது அந்தக் காசுலதான்.

போன வருஷம் புரட்டாசிக் கடைசியில எங்க ஊர்ச் சங்கத்துக் கம்ப்யூட்டர் நின்னு போச்சு. திறந்து பார்த்தா போர்டுல நாலு கெப்பாசிட்டர் உப்பி வெடிச்சிருந்தது. ஹார்டு டிஸ்க் மட்டும் தப்பிச்சது.

'டிஸ்க் இருந்தா போதுமே, வேற கம்ப்யூட்டர்ல மாட்டிக்கலாமே'ன்னு டவுன்ல இருக்கிற நீங்க கேப்பீங்க. சங்கத்துலயும் அப்படித்தான் நெனைச்சாங்க. நிர்வாகக் குழுவுல தீர்மானம் போட்டு, கைமாறின கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கினாங்க. இன்டெல் ஆறாம் தலைமுறை, உள்ளே விண்டோஸ் 10, 64 பிட். ஆனா சங்கத்துக் கணக்கு புரோகிராம் டாஸ் காலத்துல ஃபாக்ஸ்புரோவுல எழுதினது. அது 16 பிட். 32 பிட் விண்டோஸ்ல அந்த மாதிரி பழைய புரோகிராம் வந்து உக்காரறதுக்கு ஒரு திண்ணை இருக்கும். 64 பிட்டுல அந்தத் திண்ணையை இடிச்சுட்டாங்க. எத்தனை தடவை அமுக்கினாலும் 'இது இங்க ஓடாது'ன்னுதான் சொல்லும்.

கணக்குக் கோப்புகளை மட்டும் லிப்ரே ஆபீஸ்ல திறக்க முடிஞ்சது. நம்பர் எல்லாம் வரிசையா வந்தது. ஆனா போனஸ் எப்படிப் போடறது, தீவனக் கடனை எப்பப் பிடிக்கிறது, நடுவுல மாடு வித்துட்டவங்களுக்கு என்ன கணக்கு, இதெல்லாம் புரோகிராமுக்குள்ளதான் இருக்குது. எழுதினவர் காலமாகிட்டார். உறுப்பினர் 86 பேர். காலையும் சாயங்காலமும் சேர்த்து ஒருத்தருக்கு வருஷத்துக்கு 730 வேளை. மொத்தம் 62,780 வரி. செயலாளர் அண்ணன் கால்குலேட்டரை எடுத்து வெச்சுட்டு, அதைத் தொடாமயே உக்காந்திருந்தார்.

என் பங்காளி பையன் பாலிடெக்னிக் படிச்சவன். அவன் முதல்ல டாஸ்பாக்ஸ்னு ஒண்ணைப் போட்டுப் பார்த்தான். புரோகிராம் ஓடுச்சு, ஆனா அச்சு வரலை. பட்டுவாடாவுக்கு அச்சடிச்ச பட்டியலும் அதுல கையெழுத்தும் வேணும். "பெரியப்பா, பழைய மெசின்ல ஓடின அதே விண்டோஸ் 7, 32 பிட் தகடு பில்லோட பீரோவுல இருக்குது. அதையே புதுசுல ஏத்திரலாம்"ன்னான்.

சொல்றப்ப சுளுவாத்தான் இருந்தது. பழைய கலப்பையைப் புது டிராக்டர்ல மாட்டினவங்களுக்குத் தெரியும். பழசுல கீழ் பின் 22 மில்லி, பெரிய டிராக்டர்ல 28 மில்லி துளை. ரெண்டும் இரும்புதான், ரெண்டும் நல்ல பொருள்தான். நடுவுல ஒரு புஷ் இல்லைன்னா ஆடிக்கிட்டே இருக்கும். அந்த புஷ்ஷைத் தேடித்தான் எங்களுக்கு ரெண்டு நாள் ஆச்சு.

தகட்டுல இருந்ததைப் பென் டிரைவுக்கு மாத்திக்கிட்டு ஆரம்பிச்சோம். மெசின் அதைக் கண்டுக்கவே இல்லை. புதுசெல்லாம் யூஇஎஃப்ஐ முறையில எந்திரிக்குது. 32 பிட் விண்டோஸ் 7க்குப் பழைய பயாஸ் முறைதான் தெரியும். பயாஸ் திரைக்குள்ள போய் செக்யூர் பூட்டை அணைச்சு, சிஎஸ்எம்னு இருக்கிறதைப் போட்டுவிட்ட பிறகுதான் வழி விட்டது.

அடுத்து, மொழி கேக்கிற முதல் திரையிலயே கீபோர்டும் மவுசும் செத்துப் போச்சு. பயாஸ்ல வேலை செஞ்ச அதே கீபோர்டு! காரணம் பையன் சொன்னான். பயாஸ்ல இருக்கிற வரைக்கும் யூஎஸ்பியை பயாஸே பார்த்துக்கும். விண்டோஸ் கைக்கு வந்ததும் அதுக்குன்னு சொந்த டிரைவர் வேணும். விண்டோஸ் 7 வந்தது 2009ல, அதுக்கு யூஎஸ்பி 2 வரைக்கும்தான் பழக்கம். இந்த ஆறாம் தலைமுறை போர்டுலயோ பழைய யூஎஸ்பி கன்ட்ரோலரே கிடையாது, எல்லாத் துளையையும் புது கன்ட்ரோலர்தான் நடத்துது. வீட்டுக்காரங்களுக்கு வந்தவன் பாஷை தெரியலை, அவ்வளவுதான்.

போர்டுக்குப் பின்னாடி பாதி ஊதா, பாதி பச்சையா ஒரு உருண்டைத் துளை இருந்தது. பழைய கம்ப்யூட்டரோட உருண்டைப் பின் கீபோர்டு மூலையில தூசி படிஞ்சு கிடந்தது. மெசினை அணைச்சு அதை மாட்டித் திரும்பப் போட்டோம். உடனே உசிர் வந்தது. மவுசு கிடையாது. டேப், அம்புக்குறி, என்டர், இதை வெச்சே நடந்தோம்.

அதுக்கப்புறம் 'சிடி, டிவிடி டிரைவுக்கான டிரைவர் இல்லை'ன்னு நின்னது. நாங்க டிவிடியே போடலையேன்னு குழப்பம். விஷயம் அதேதான்: பென் டிரைவும் யூஎஸ்பியில இருக்குது, அதனால தான் எங்கிருந்து வந்தோம்னே அதுக்குத் தெரியலை. செத்த கம்ப்யூட்டர்ல இருந்த டிவிடி டிரைவைக் கழட்டி, சாட்டா வயர்ல மாட்டி, அசல் தகட்டைப் போட்டோம். தாண்டிருச்சு.

கடைசியா டிஸ்க் ஜிபிடி வகை, இதுல ஏத்த முடியாதுன்னது. அதுல எங்களுது எதுவும் இல்லைங்கிறதால முழுசா அழிச்சு எம்பிஆர் ஆக்கினோம். கணக்கு இருந்த பழைய டிஸ்க்கைத் தனியாக் கழட்டி பீரோவுல பூட்டி வெச்சிருந்தான் பையன். இந்த வேலையில முதல் வேலையே அதுதான்.

விண்டோஸ் ஏறினதும் போர்டோட வந்த தகட்டுல இருந்து சிப்செட், யூஎஸ்பி, நெட்வொர்க் டிரைவர் எல்லாம் போட்டோம். மவுசு கண்ணைத் திறந்தது. கணக்கு புரோகிராம் முழுத் திரையில வராதுன்னது. விண்டோஸ் 7ல கிராபிக்ஸ் டிரைவர் போட்டா டாஸுக்கு முழுத் திரை கிடையாதாம். சின்ன ஜன்னல்லயே ஓட விட்டு எழுத்தைப் பெருசாக்கிக்கிட்டோம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை யூஎஸ்பியில மாட்டியிருந்தோம். டாஸ் புரோகிராமுக்கு எல்பிடி 1 தவிர வேற வாசல் தெரியாது. பிரிண்டரை ஷேர் பண்ணி, 'நெட் யூஸ்' கட்டளையில எல்பிடி 1க்கு வர்றதை அங்க திருப்பி விட்டான். ராத்திரி பதினொன்றரைக்கு அந்தக் 'கர்ர்... கர்ர்' சத்தம் கேட்டதும் செயலாளர் அண்ணன் எந்திரிச்சு நின்னுட்டார். ஐப்பசி மொத வாரத்துலயே பட்டுவாடா நடந்தது.

இதோட விட்டிருந்தா இது சும்மா ஒரு ரிப்பேர் கதை. பையன் விடலை. "இது ஓடிட்டு இருக்கிறப்பவே உள்ள இருக்கிறதை வெளியே எடுத்தரணும் பெரியப்பா. அடுத்த தடவை இந்தக் கீபோர்டும் இருக்காது, துளையும் இருக்காது"ன்னான். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 ஓட மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிஞ்சுது. அதனால அந்த மெசினுக்கு நெட் வயரே மாட்டறதில்லை. மாசம் பொறந்தா கணக்கு ரெண்டு பென் டிரைவுக்குப் போகுது, ஒண்ணு செயலாளர் வீட்டுல, ஒண்ணு தலைவர் வீட்டுல.

அதைவிடப் பெரிய வேலை இன்னொண்ணு. நகல் எடுத்த கணக்குல பொய்யா ஒரு உறுப்பினரைச் சேர்த்து, நூறு லிட்டர் போட்டா என்ன வருது, தீவனக் கடன் இருந்தா என்ன குறையுது, ஆறு மாசத்துல நிறுத்தினா என்ன ஆகுதுன்னு ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்த்து, போனஸ் விதியைத் தமிழ்ல ஒரு நீள நோட்டுல எழுதினோம். நாலு ராத்திரி ஆச்சு. ஒன்பது விதி வந்தது. அதுல ரெண்டு, சங்கத்துல இருக்கிற யாருக்குமே தெரியாதது.

தை மாசம் மேலத்தெரு ஆத்தா ஒருத்தர் வந்து, "ஏனுங்க, எனக்கு மட்டும் எப்படிப் போன வருசத்தைவிடக் கம்மியா வந்துச்சு?"ன்னு கேட்டாங்க. முன்னெல்லாம் இதுக்குப் பதில், "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வந்துச்சு ஆத்தா" மட்டும்தான். இந்தத் தடவை அண்ணன் நோட்டைப் பிரிச்சு, அவங்க எருமை வத்தின மூணு மாசத்தையும் தீவன மூட்டையையும் கூட்டிக் கழிச்சுக் காட்டினார். "அதானே"ன்னுட்டு ஆத்தா பால் கேனை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

உங்க அப்பார்ட்மென்ட் சங்கத்துலயோ, சொந்தக் கடையிலயோ இந்த மாதிரி ஒரு பழைய கணக்கு ஓடிட்டு இருந்தா, அது ஓடிட்டு இருக்கிறப்பவே இந்த நோட்டு வேலையைச் செஞ்சுருங்க. கூடவே, உருண்டைப் பின் கீபோர்டு ஒண்ணையும் டிவிடி டிரைவ் ஒண்ணையும் பழைய இரும்புக்காரருக்குப் போடாம பரண்ல வெச்சுருங்க.