பொருந்திய பின்

எங்கள் வீட்டு அலமாரியின் கடைசி இழுப்பறையில் பதினோரு சார்ஜர்கள் கிடக்கின்றன. மின்னேற்றி என்று எழுதத்தான் தமிழாசிரியனின் கை நீளுகிறது. ஆனால் பெரம்பலூர்க் கடைத்தெருவில் அச்சொல்லைச் சொன்னால் தண்ணீர் மோட்டாருக்கா என்று கேட்பார்கள். ஆகவே சார்ஜர் என்றே எழுதிவிடுகிறேன். அவற்றுக்குரிய சாதனங்களில் பாதி இன்று இல்லை. எறியாமல் வைத்திருப்பதற்குக் காரணம், என்றாவது எதற்காவது உதவும் என்கிற நம்பிக்கை. அந்த நம்பிக்கை எனக்கு ஏறத்தாழ முந்நூறு ஒப்பாரிகளைப் பறித்துவிடப் பார்த்தது.

2006 முதல் சில ஆண்டுகள், ஆய்வுக்காக வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, உடையார்பாளையம் பக்கத்துக் கிராமங்களில் ஒப்பாரிப் பாடல்களைப் பதிவுசெய்து வந்தேன். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி சொல்லலாகாது என்பது அப்பெண்களின் உறுதி. எனவே ஏரிக்கரையிலோ சோளக்கொல்லை ஓரத்திலோ உட்கார்ந்துதான் பாடினார்கள். பாடத் தொடங்கிச் சற்று நேரத்தில் யாரை நினைத்து அழுகிறார்கள் என்பது எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அந்த ஒலிநாடாக்களைப் பின்னாளில் கணினிக்கு மாற்றி, ஒரு பெரிய வெளிப்புற வன்தட்டில் சேர்த்து வைத்தேன். நாடாக்களைப் பூஞ்சணம் தின்றது. வன்தட்டு மட்டும் மிஞ்சியது. இன்னொரு நகல் எடுத்து வைத்திருக்க வேண்டாமா என்று கேட்கும் வாசகருக்கு என்னிடம் பதில் இல்லை.

2019 நவம்பரில் ஒரு நாள், மாணவர்களுக்குச் சில பாடல்களைப் போட்டுக் காட்டுவதற்காக அந்த வன்தட்டைப் பையில் வைத்துக்கொண்டு அரியலூருக்குப் பேருந்தேறினேன். முப்பது கிலோமீட்டர் கடந்து துறைக்குள் நுழைந்து பையைத் திறந்த பிறகுதான் அதன் சார்ஜர் பெரம்பலூரில் மேசைமேல் இருப்பது நினைவுக்கு வந்தது. பையில் என் மடிக்கணினியின் சார்ஜர் இருந்தது. அதே கறுப்புப் பெட்டி, அதே உருண்டையான முனை. செருகிப் பார்த்தேன், சற்றே தளர்வாக, ஆனால் முழுமையாக உள்ளே சென்றது.

விளக்கு ஒருமுறை மின்னியது. பிறகு கருகிய நெடி. நாற்பது மாணவர்கள் காத்திருந்தார்கள். அன்று வேறு ஏதோ பாடம் நடத்தினேன். எதை என்று நினைவில்லை.

செருகியதற்கு ஒரு பழக்கம் காரணம். கைப்பேசிகள் பரவிய நாள்களில் 'சின்ன பின் சார்ஜர் இருக்கா, பெரிய பின் இருக்கா' என்று கேட்டு வாங்கிப் பழகியவர்கள் நாம். நோக்கியாவின் பின் நுழைந்தால் வேலை முடிந்தது. உள்ளே நுழைவதே பொருத்தம் என்று கை கற்றுக்கொண்டது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில், இதற்கு ஒரே பொருத்தம் போதும் என்று எப்படி நினைத்தேன்?

இரவு வீட்டுக்கு வந்து, வன்தட்டின் சொந்தச் சார்ஜரைச் செருகினேன். அதன் விளக்கும் அணைந்தது. மறுநாள் பேருந்து நிலையத்தின் அருகே கணினி பழுதுபார்க்கும் இளைஞரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் வன்தட்டைத் தொடவில்லை. இரண்டு சார்ஜர்களையும் திருப்பிப் பொடி எழுத்துகளைப் படித்தார்.

"சார், இதுக்கு வேண்டியது 12 வோல்ட்டு. நீங்க குடுத்தது 19."

"ஆம்பியர் அதிகமாகிவிட்டதோ, தம்பி?" என்றேன், எனக்குத் தெரிந்த ஒரே சொல்லை வைத்து.

"ஆம்ப் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்ல சார். அது தேவையானதை மட்டும்தான் எடுத்துக்கும். வோல்ட்டு நாம தள்ளி விடுறது."

இரண்டு வாக்கியங்களில் அவர் சொன்னதைப் பிறகு நான் விரித்துப் படித்துக்கொண்டேன். சார்ஜரின் முதுகில் 'அவுட்புட்' என்ற சொல்லுக்கு எதிரே உள்ள வோல்ட், சாதனம் கேட்கும் வோல்ட்டோடு ஒத்திருக்க வேண்டும். 19க்கும் 19.5க்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலான மடிக்கணினிகள் பொறுத்துக்கொள்ளும். 12க்கும் 19க்கும் உள்ளதைப் பொறுக்கா. ஆம்பியர் சாதனம் கேட்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. 65 வாட் கேட்கும் மடிக்கணினிக்கு 45 வாட் சார்ஜரைக் கொடுத்தால் அது சூடேறித் திணறும். அப்புறம் துருவம்: நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிய வளைவு, இருபுறமும் கூட்டல் கழித்தல் குறிகள் கொண்ட சிறு படம். மடிக்கணினிகளில் பெரும்பாலும் நடுமுனை நேர்மின்னாக இருக்கும்; சில பழைய இசைக்கருவிகளில் தலைகீழ். கடைசியாகத்தான் பின். அதிலும் ஒரு வஞ்சம் உண்டு. இரண்டு முனைகளுக்கும் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர், உள்துளை ஒன்றில் 2.1, மற்றொன்றில் 2.5. பெரிய துளை சிறிய ஊசியின்மேல் தளர்வாக அமர்ந்துவிடும். நான் உணர்ந்த அந்தத் தளர்ச்சிதான் எனக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை.

இளைஞர் வன்தட்டின் அடியிலிருந்த பச்சைப் பலகையைக் கழற்றி, மிளகளவு கறுப்புச் சில்லு ஒன்றைக் காட்டினார். மீட்டரின் ஊசிகளை வைத்ததும் அது விடாமல் கூவியது. மின்னழுத்தம் எல்லை மீறினால் தான் குறுக்கே விழுந்து மற்றவற்றைக் காக்கும் உறுப்பாம் அது. டிவிஎஸ் டயோடு என்றார். வண்டி நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"எடுத்துட்டா ஓடும் சார். ஆனா இனிமே அதுக்குக் காவல் கிடையாது. இன்னைக்கே காப்பி எடுத்துட்டு இதை ஓரம் கட்டிடுங்க."

வெளிக்கூட்டின் பலகை எரிந்துவிட்டதால் தட்டை நேராகக் கடையின் கணினியில் இணைத்தார். அது சுழலத் தொடங்கிய ஓசையை அந்த வயதில் அவர் எப்படிக் கேட்டாரோ, எனக்கு மூச்சு வந்தது. நகலெடுக்க இரவு பத்தரை ஆனது. சரிபார்ப்பதற்காக ஏதோ ஒரு கோப்பைத் திறந்தார். செந்துறைப் பக்கத்து மூதாட்டி ஒருவர், 2014இல் இறந்துபோனார். தம் தாயை அழைத்துப் பாடிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தி, "பதிவாவுதா தம்பி?" என்று கேட்டார். இளைஞர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இப்போது எல்லாம் டைப்-சி ஆகிவருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் கைப்பேசிகளுக்கு அதை 2024 டிசம்பர் 28 முதல் கட்டாயமாக்கி, மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்று நாள் குறித்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் அதற்கான தரத்தை வெளியிட்டது. அதில் சார்ஜர் முதலில் 5 வோல்ட்டோடு நிற்கும். சாதனம் கேட்டுக்கொண்டால்தான் 9, 15, 20 என்று ஏறும். நல்ல பண்புதான். ஆனால் கேட்டுக் கொடுக்கும் வழக்கமறியாத மலிவுச் சரக்குகளும் அதே முனையோடு விற்கின்றன. என் மகள் தன் கைப்பேசியை என் மடிக்கணினியின் 65 வாட் சார்ஜரில் செருகும்போது இன்றும் பாதி எழுந்துவிடுகிறேன். "அப்பா, அது கேட்டுத்தாம்ப்பா குடுக்கும்" என்கிறாள்.

இழுப்பறையில் முன்பு பதின்மூன்று இருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளை நாடா ஒட்டி, எதனுடையது, எத்தனை வோல்ட் என்று எழுதினேன். இரண்டில் பொடி எழுத்து முற்றாக அழிந்திருந்தது. அவற்றைப் பழைய சாமான்காரரிடம் போட்டபோது, ஒயரை வெட்டிவிட்டே கொடுத்தேன்.