கத்தரிக்கோலும் அமானிதமும்

சென்ற ஆண்டு ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து, மக்தப் பிள்ளைகளை எதிர்பார்த்து அமர்ந்திருந்தேன். வில்லியனூர் சுல்தான்பேட்டையைச் சேர்ந்த ஒரு தாயார், என் பழைய மாணவனான தம் மகனை அழைத்து வந்தார்.

"ஹஜ்ரத், இவன் படத்தொகுப்பு வேலைக்குச் சென்னை போகிறேன் என்கிறான். சினிமாவாம்! நீங்களாவது புத்தி சொல்லுங்கள்."

பையன் ஓதுவதில் சுமார்தான், பொறுமைசாலி. பாகூரில் ஒரு வீடியோக் கடையில் திருமணப் படங்களைத் தொகுத்துக்கொண்டிருந்தான்.

சினிமா என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே உண்டு. நானும் அவர்களில் ஒருவன்தான். ஆனால் அந்தத் தொழில் இன்னதென்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்லலாகாது என்பதால் அவனையே கேட்டேன். திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றனவாம். முன்பு படச்சுருளைக் கையால் வெட்டி ஒட்டினார்கள். 1,000 அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடமே ஓடும். இன்று எல்லாம் கணினியில். ஆயினும் எந்தச் சட்டத்தில் வெட்டுவது என்பதை மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும். தொலைக்காட்சித் தொடர் என்றால் அதற்கும் அவகாசம் குறைவு. நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். நாற்பது ஆண்டு ஆட்சியை நான்கு பக்கத்தில் எழுதியவர் எதை விட்டுவிட்டார் என்று தேடிப் பழகியவனுக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

"கிஷோர் நம் பக்கத்து ஊர்க்காரர்தானே, ஹஜ்ரத்?" என்றான்.

வில்லியனூரிலிருந்து விழுப்புரம் செல்லும் ரயில் பாதையில் வளவனூர் இருக்கிறதல்லவா? அவ்வூர்க்காரர் படத்தொகுப்பாளர் கிஷோர். பி. லெனின், வி. டி. விஜயன் ஆகியோரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். 2009இல் 'ஈரம்' படத்தின் மூலம் தனித்து அறிமுகமானார். 'ஆடுகளம்' படத்திற்காக 2011இல் தேசிய விருது பெற்றார். பிறகு 'விசாரணை' படத்தைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். மூளையில் இரத்தக் கட்டு. 2015 மார்ச் 6ஆம் நாள் காலமானார், வயது 36. மறு ஆண்டு அதே படத்தின் தொகுப்புக்காக அவருக்கு மீண்டும் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

விருதைச் சொல்லும்போது பையனின் முகம் மலர்ந்தது. வயதைச் சொன்னபோது தாயாரின் முகம் வாடியது. அந்த மரணத்துக்கு வேலைதான் காரணம் என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். எனினும் இரவு பகலாக இருட்டறையில் திரையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் தொழில் இது என்று அவனே ஒப்புக்கொண்டான். உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன் நான்.

"ஆபாசமான காட்சியைத் தொகுக்கச் சொன்னால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"கற்றுக்கொள்ளும் காலத்தில் மறுக்க முடியாது, ஹஜ்ரத். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்."

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறொன்று நினைவுக்கு வந்தது. எங்கள் உறவினர் வீட்டு நிக்காஹ்வில் பெண்கள் பகுதியில் யாரோ தவறுதலாக எடுத்துவிட்ட காட்சிகள் அவன் கைக்குப் போயின. ஒருவரும் கேட்காமலேயே அவன் அவற்றை நீக்கினான். மூலப் பதிவையும் மணமகளின் தந்தைக்கு எதிரிலேயே அழித்தான். பிறர் பார்க்காததையெல்லாம் பார்ப்பவன் தொகுப்பாளன். அந்த அமானிதத்தை இருபது வயதில் அவன் பேணியிருந்தான்.

"முறையாகப் படித்துவிட்டுப் போகட்டும், அம்மா. சென்னை தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது, இந்தத் தொழிலுக்கென்றே தனிப் பாடம் உண்டு" என்றேன். தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பேர் போடுவார்களா, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

"போடுவார்கள். நாம் படிப்பதற்குள் போய்விடும்" என்றான் மகன். அன்று முதன்முறையாக அந்த அம்மாள் சிரித்தார்.

இப்போது அவன் தரமணியில் படிக்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் தொலைபேசியில் ஸலாம் சொல்வான். நேற்று இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்றுதான் முதலில் கேட்பேன். சென்ற வாரம் அதற்குப் பதில் வரவில்லை. பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டான்.