தெரியாத பாடத்தைக் கேட்டு வாங்கியவர்

1922-ல் ஸ்பெயினிலிருந்து பம்பாய் வந்து இறங்கிய ஒரு பாதிரியார், செயின்ட் சேவியர் கல்லூரியில் சரித்திரம் நடத்தச் சேர்ந்தார். எந்த நாட்டுச் சரித்திரம் எடுக்கிறீர்கள் என்று முதல்வர் கேட்டாராம். பிள்ளைகளுக்கு எது குறைவாகத் தெரியும் என்று இவர் திருப்பிக் கேட்டாராம். இந்தியச் சரித்திரம்தான் என்று பதில் வந்ததும், அதையே எனக்குக் கொடுங்கள் என்றாராம். அதில் உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டதற்கு, ஒன்றும் தெரியாது, படித்துக்கொள்கிறேன் என்றாராம். முப்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர், அதுவும் வாத்தியார் வேலைக்கு வந்தவர், இப்படிச் சொன்னார் என்று கேட்ட நாளிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

அவர்தான் ஹென்றி ஹீராஸ். 1888-ல் பார்சிலோனாவில் பிறந்த இயேசு சபைத் துறவி. மாஹிமில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளிடம் அவரைப் பற்றிப் பேசினால், "தாத்தா, ஸ்பெயின்காரருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார்கள். நிறையவே இருக்கிறது.

வந்து நாலு வருஷத்தில், 1926-ல், கல்லூரிக்குள்ளேயே சரித்திர ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த வருஷமே விஜயநகரத்தின் ஆரவீடு வம்சத்தைப் பற்றிய பெரிய புத்தகம் வந்தது. அவருடைய வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கையில் நம் கல்வெட்டும் செப்பேடும். இன்னொரு கையில் சந்திரகிரியில் வேங்கடபதி ராயரின் அரண்மனைக்குப் போய்வந்த இயேசு சபையார் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள். கல்வெட்டு தானத்தைச் சொல்லும், வெற்றியைச் சொல்லும். அரசர் எப்படிப் பேசினார், எதற்குக் கோபப்பட்டார் என்பதற்குக் கடிதம் வேண்டும். நம்மவர்களுக்கு எட்டாத அந்தக் கடிதங்களை அவரால் படிக்க முடிந்தது. படித்து நம் சரித்திரத்தோடு சேர்த்துவைத்தார். அந்தக் காலத்தில், 1580 முதல் 1640 வரை, போர்ச்சுகலுக்கும் ஸ்பெயின் அரசர்தான் அரசர். போர்ச்சுகீசியர் கையில் இருந்த இந்த மாஹிமும் அறுபது வருஷம் அந்த முடியின் கீழ்தான் இருந்தது. இங்குள்ள செயின்ட் மைக்கேல் கோயில் வாசலில் புதன்கிழமை ஜெபக் கூட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

1933-ல் பல்லவர் சரித்திரம் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு அவரைப் பிடித்துக்கொண்டது சிந்துவெளி. ஹரப்பா, மொகஞ்சதாரோ கண்டுபிடிப்பை ஜான் மார்ஷல் 1924-ல் உலகத்துக்குச் சொல்லியிருந்தார். அங்கே கிடைத்த முத்திரைகளில் இருப்பது திராவிட மொழி என்று ஹீராஸ் உறுதியாக நம்பினார். மீன் வடிவத்துக்கு அவர் சொன்ன விளக்கம் தமிழ்க் குழந்தைக்கும் புரியும்: தண்ணீரில் இருப்பதும் மீன், வானத்தில் இருப்பதும் மீன். கிட்டத்தட்ட இருபது வருஷ உழைப்பு 1953-ல் கனத்த புத்தகமாக வந்தது. 1955 டிசம்பர் 14-ல் பம்பாயிலேயே காலமானார்.

நான் தாராவியில் தமிழ்ப் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில், சனிக்கிழமைகளில் மரைன் லைன்ஸில் இறங்கி ஹீராஸ் தொடங்கிய நிலையத்தின் நூலகத்துக்கு நடந்து போவேன். கல்லூரிக்குச் சம்பந்தம் இல்லாத எனக்கு அந்தச் சிந்துவெளிப் புத்தகத்தை எடுத்துக்கொடுத்து, ஜன்னல் பக்கம் இடமும் போட்டுத் தந்தார் அங்கிருந்த ஊழியர். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. படித்துவிட்டு, எழுத்து படிக்கப்பட்டுவிட்டது என்றே பூரித்துப்போனேன். பிறகுதான், அவருடைய வாசிப்புகளை அறிஞர்கள் ஏற்கவில்லை என்று தெரிந்தது. பிற்காலத் தமிழின் வடிவங்களை நாலாயிரம் வருஷத்துக்கு முன்னே கொண்டுபோய் வைத்தார், சிறிய முத்திரையிலும் முழு வாக்கியத்தைக் கண்டார் என்பது அவர்கள் சொன்ன குறை. நியாயமான குறைதான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பள்ளியில் மூத்த ஆசிரியராக இருந்த திருநெல்வேலி அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் சாவகாசமாக வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கிணறு வெட்டுற எல்லாருக்கும் தண்ணி வந்திராது தம்பி. எங்கன ஈரம் இருக்குன்னு முதல்ல காட்டுதவன் ஒருத்தன் வேணும்லா?" என்றார்.

அண்ணாச்சி சொன்னபடிதான் நடந்தது. பின்லாந்துக்காரர் அஸ்கோ பர்ப்போலா அந்த மீனிலிருந்தே தன் வழியைத் தொடர்ந்தார். ஹீராஸின் பெயரை அவர் மறைக்கவும் இல்லை. 2010 கோவை செம்மொழி மாநாட்டில் பர்ப்போலாவைக் கௌரவித்தோம். ஐராவதம் மகாதேவன் 1977-ல் முத்திரை எழுத்துகளையெல்லாம் வகைப்படுத்தித் தொகுத்துக் கொடுத்தார். ஆனாலும் எழுத்து இன்றுவரை முடிவாகப் படிக்கப்படவில்லை. படிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் அறிவித்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாணவர்களைத் தூக்கிவிடுவதில் ஹீராஸ் தாராளம். கடம்பர்களைப் பற்றி 1931-ல் புத்தகம் எழுதிய ஜார்ஜ் மொராயஸ் அவரிடம் படித்தவர். இந்திய முகங்களோடு கிறிஸ்தவ ஓவியம் வரைந்து வசவு வாங்கிய கோவா ஓவியர் ஆஞ்சலோ ஃபொன்சேகாவுக்குத் துணையாக நின்றவரும் இவரே. தன் முடிவு நிலைக்குமா என்ற கவலையைவிட, தனக்குப் பிறகு தேடுவதற்கு ஆள் வேண்டும் என்ற அக்கறை அவருக்கு அதிகம் இருந்ததாகவே நான் நினைக்கிறேன்.

1981-ல் அவருக்குத் தபால் தலை வந்தது. அவர் தொடங்கிய நிலையம் அவர் பெயரிலேயே அந்தக் கல்லூரிக்குள் இருக்கிறது. மாஹிமிலும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் இருக்கும் தமிழ்ப் பெற்றோர்களே, முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டு, பிள்ளைகளை ஒரு தடவை அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.