வீட்டுக்கொரு கைப்பேசி

விருதுநகர் மாவட்டத்து நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த கரிசல் நிலம். மழை பொய்த்த ஆண்டுகளில் உழவை நம்பி வாழ இயலாத மக்களுக்கு வணிகமும் தொழிலுமே கைகொடுத்தன. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த வரலாற்றை இவ்வட்டாரத்தில் அறியாதார் இலர். அவ்வாறு தொடங்கிய தொழில் பட்டாசாகவும் அச்சாகவும் கிளைத்து, சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்னும் பெயரை ஈட்டித் தந்தது.

வணிகம் செழிக்கும் ஊரில் செய்திக்கு மதிப்பு மிகுதி. மல்லியும் வற்றலும் பருப்பும் எண்ணெயும் விலைபேசப்படும் விருதுநகர் மண்டிகளில், வெளியூர் விலை நிலவரம் அறிய டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த பெரியவர்களை நாம் இளமையில் கண்டிருக்கிறோம். எனினும் அன்று தொலைபேசி கடைக்கு உரியதாக இருந்ததேயன்றி வீட்டுக்கு உரியதாக இருக்கவில்லை. நமது தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் அது இருந்தது. தெருவிலுள்ளோர் அனைவரும் அவ்வெண்ணையே தம் எண்ணாகக் கொடுத்து வந்தனர். திருமண அழைப்பிதழ்களில் அவ்வெண்ணுக்கு அருகே 'பி.பி.' என்னும் இரண்டு எழுத்துகள் அச்சாகியிருக்கும். வளைகுடா நாட்டில் பணிபுரிந்த உறவினரின் குரலைக் கேட்க, குடும்பமே அவ்வீட்டுத் திண்ணையில் காத்திருந்ததுண்டு. இல்லாமை அன்று தெருவுக்கே பொதுவானதாக இருந்தமையால், அது எவருக்கும் இழிவாகத் தோன்றவில்லை.

1995ஆம் ஆண்டு இந்தியத் தகவல் தொடர்பு வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் உரையாடினார். ஆகஸ்டு 15ஆம் நாள் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கப்பெற்றது. வரும் அழைப்புக்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த அந்நாளில், கைப்பேசி செல்வர்க்கே உரிய பொருளாக இருந்தது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் வழியே 'தமிழ்99' விசைப்பலகை உருவானபோது, தமிழ் கற்பிக்கும் நாம் பெருமகிழ்ச்சி எய்தினோம். தமிழ் இணையத்தில் ஏறிவிட்டது என்று வகுப்பில் முழங்கினோம். அவ்விணையம் நம் மாணவர் வீட்டில் ஏறிவிட்டதா என்று வினவ நமக்குத் தோன்றவில்லை.

எண்கள் கூறுவதைக் காண்போம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு 63.2 தொலைபேசி உடையவை. இணையத்துடன் கூடிய கணினி உடையவை 3.1 மட்டுமே. 2017-18இல் நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வு, இணைய வசதி பெற்ற குடும்பங்கள் 23.8 விழுக்காடு என்றது. அதிலும் நகர்ப்புறம் 42 விழுக்காடு, கிராமப்புறம் 14.9 விழுக்காடு. 2025இன் முதல் மூன்று மாதங்களில் எடுக்கப்பட்ட ஆய்வோ, 86.3 விழுக்காடு குடும்பங்கள் வீட்டிலேயே இணைய வசதி பெற்றுள்ளன என்றும், 85.5 விழுக்காடு குடும்பங்களில் குறைந்தது ஒரு திறன்பேசியேனும் உள்ளது என்றும் தெரிவிக்கிறது. இது வியத்தகு வளர்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் 'குறைந்தது ஒன்று' என்னும் சொற்களுக்குள் அடங்கியுள்ள பொருளை நாம் எந்நூலிலும் கற்கவில்லை. ஒரு மாணவியிடமிருந்தே கற்றோம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் காரணமாகக் கல்விக்கூடங்கள் மூடப்பட்டன. சில திங்களில் வகுப்புகள் இணையவழிக்கு மாறின. நாமும் கைப்பேசியை நூல்களின் மீது சாய்த்து வைத்துக்கொண்டு இலக்கணம் நடத்தினோம். வருகைப் பதிவின்போது வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த இறுதியாண்டு மாணவி மட்டும் தொடர்ந்து காணப்படவில்லை. இரவு பத்து மணிக்கு மேல், எழுதி முடித்த விடைத்தாள்களின் படங்கள் மட்டும் அவரிடமிருந்து வரும். பட்டாசுப் பெட்டியின் மேல் ஒட்டும் வண்ணத் தாளின் வெறும்பக்கத்தில் அவை எழுதப்பட்டிருக்கும். 'வகுப்புக்கு வர மனமில்லாதவர் விடை மட்டும் அனுப்புவது முறையன்று' என்று ஒருநாள் குழுவில் அனைவரும் காண எழுதிவிட்டோம். மறுமொழி வரவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் இறுதியாண்டு மாணவர்க்குக் கல்லூரி திறக்கப்பட்டபோது அவரை அழைத்துக் காரணம் வினவினோம். தயங்கியவாறே அவர் கூறினார்:

"ஐயா, எங்கள் வீட்டில் ஒரு போன்தான் இருக்கிறது. அதை அப்பா வேலைக்கு எடுத்துச் செல்வார். வேன் வரும் நேரமும் வேலை உண்டா இல்லையா என்பதும் அதில்தான் தெரியும். ஆனால் ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். மாலை வரை அது அங்கேதான் கிடக்கும்."

நாம் வாயடைத்து நின்றோம். வெடிமருந்து புழங்கும் இடத்தில் தீப்பொறிக்கு இடம் தரும் எதையும் அனுமதியாமை உயிர் காக்கும் விதி. அதனைக் குறை கூற இயலாது. ஆனால் நாம் இணையத்தில் பாடம் நடத்திய நேரம் முழுவதும், அம்மாணவியின் வகுப்பறை ஆலை வாயிலில் ஒரு பெட்டிக்குள் ஒலியடங்கிக் கிடந்திருக்கிறது. நாம் அவருக்கு மனமில்லை என்று எழுதினோம்!

அவர் மேலும் கூறியது இன்றும் நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. "எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் அம்மா நடுங்கிப் போவார். அப்பாவுக்குப் பேச வேண்டும். ஆனால் வீட்டில் பேசுவதற்குப் போன் இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கிப் பேசினாலும் வாசலில் இருக்கும் பெட்டிக்குள்தான் மணி அடிக்கும். அதனால் அம்மா போன் தேடுவதில்லை, ஐயா. ஆலையை நோக்கி ஓடிவிடுவார்."

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இம்மாவட்டம் மறக்கவில்லை. அதன் பின்னரும் விபத்துச் செய்திகள் வந்த வண்ணமே உள்ளன. எனவே அந்தத் தாயின் ஓட்டம் வீணான அச்சத்தால் எழுந்ததன்று. ஒரு கைப்பேசி உள்ள வீடு கணக்கேட்டில் 'வசதி உடையது' என்று பதிவாகிறது. ஆனால் ஒன்று மட்டும் உள்ள வீட்டில் யார் யாரை அழைப்பது?

கணக்கெடுப்போர் வீட்டை எண்ணுகின்றனர். வாழ்வோ ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. 2019-21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு இதனை வேறொரு கோணத்தில் உணர்த்துகிறது. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையிலான இந்தியப் பெண்களில், தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடையவர் 54 விழுக்காட்டினர் மட்டுமே. ஒரு முறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காட்டினர்; ஆண்களோ 57.1 விழுக்காட்டினர். வீட்டுக்குள் நுழைந்த கருவி எல்லோர் கைக்கும் ஒரே நேரத்தில் சென்று சேர்வதில்லை. தந்தைக்குப் பின் தனயன், தனயனுக்குப் பின் மகள், எல்லோர்க்கும் பின்னர்த் தாய் என்பதே பல வீடுகளில் வழங்கும் வரிசை.

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழக அரசு, அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவசத் தரவு அட்டை வழங்குவதாக அறிவித்தது. நல்ல முயற்சியே. எனினும் அட்டையைச் செருகுவதற்குக் கருவி வேண்டுமன்றோ! இதனை உணர்ந்தபின் நாம் நமது முறையை மாற்றிக்கொண்டோம். பாடங்களைக் குரல்பதிவாக்கி, தந்தையர் வீடு திரும்பும் இரவு வேளையில் அனுப்பினோம். நேரலைக்கு வராதவர்க்கு வருகை மறுப்பதை விட்டோம். எந்தக் குழுவில் அவரைக் கடிந்தோமோ, அதே குழுவில் அனைவரும் காண வருத்தம் தெரிவித்தோம். அம்மாணவி தேர்ச்சி பெற்றார். தாம் ஈட்டிய முதல் ஊதியத்தில் தாய்க்கு ஒரு கைப்பேசி வாங்கித் தந்ததாகப் பின்னர் நம்மிடம் தெரிவித்தார்.

மாணவச் செல்வங்களே! கையில் தனிக் கருவி உடையோர், அஃதில்லாத தோழருக்கு வகுப்பின் ஒலியையேனும் கொண்டு சேருங்கள். ஆசிரியப் பெருமக்களே! வருகை ஏட்டில் 'இல்லை' என்று குறிக்குமுன், என்ன இல்லை என்று கேட்டறியுங்கள். சமுதாயப் பெரியோர்களே! ஊர்ப் பொதுக் கூடத்தில் ஓர் அறையும் இரண்டு கணினிகளும் மாலை விளக்கும் இருக்குமாயின், பெண்மக்கள் பலர் பட்டம் பெறுவர். அன்று ஒரு தொலைபேசியைத் தெருவே பகிர்ந்துகொண்டது. வீட்டுக்கு வீடு கைப்பேசி வந்துவிட்ட இந்நாளில், அத்திண்ணையை மட்டும் நாம் தொலைத்துவிடலாகாது.