இருபது நிமிஷக் கண்ணன்

'ஸெஷன்ஸ்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு ஞாபகம் வருவது ஜில்லா கோர்ட்டுதான். ஒருவன் மேல் உள்ள கேஸ் ஸெஷன்ஸுக்குப் போய்விட்டது என்றால் அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது. ஆகவே எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் இளைஞர் ஒரு நாள் வந்து, "சார், வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு மினி ஸெஷன்ஸ் இருக்கு. நீங்க அவசியம் வந்து பார்க்கணும்" என்றபோது சற்றுத் திடுக்கிட்டுத்தான் போனேன். மினி பஸ் தெரியும். மினி டிபன்கூடத் தெரியும். மினி ஸெஷன்ஸ் என்றால் ஏதாவது சில்லறைத் திருட்டுக் கேஸோ?

அப்படி ஒன்றும் இல்லை. இளைஞரின் தொழில் புகைப்படம் பிடிப்பது. வைகாசியிலும் ஆவணியிலும் அவரை வீட்டில் பார்க்க முடியாது. ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் ஏணி மேல் நின்றுகொண்டிருப்பார். ஆனால் ஆடி பிறந்ததும் முகூர்த்தம் நின்றுவிடுகிறது. காமிரா பெட்டிக்குள் தூங்குகிறது. வீட்டு வாடகையும் காமிராவுக்கு வாங்கிய கடனின் தவணையும் மட்டும் ஆடி என்று பார்க்காமல் முதல் தேதியில் வந்து நிற்கின்றன. இந்த வறட்சிக்கு அவர் கண்ட ஊற்று கோகுலாஷ்டமி.

குழந்தைக்குக் கண்ணன் வேஷம் போட்டுப் படம் பிடிப்பது நம் ஊர் ஸ்டூடியோக்களுக்குப் புதிதல்ல. அட்டைக் கிரீடமும் புல்லாங்குழலும் அலமாரியில் எப்போதும் இருக்கும். இவர் செய்வது இன்னும் கறாரான ஏற்பாடு. பண்டிகைக்குப் பத்து நாள் முன்பாக ஒரு சிறு ஹாலை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கிறார். ஒரே படுதா, ஒரே உறி, ஒரே வெண்ணெய்ப் பானை. விளக்குகளை ஒரு முறை நிறுத்தினால் மாலை வரை தொடுவதில்லை. ஒரு குழந்தைக்கு 20 நிமிஷம், ஐந்து படம், பணம் முன்கூட்டியே. இதற்குத்தான் மினி ஸெஷன் என்று பெயர்.

யோசனை பழையது. 1839-இல் பாரிஸில் புகைப்படக் கலை பிறந்தபோது படத்துக்கு உட்காருவதே ஒரு தண்டனை. தலை அசையாமல் இருக்கப் பின்புறம் இரும்புக் கவை வைத்துப் பிடித்தார்கள். படம் பணக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1854-இல் டிஸ்டேரி என்ற பாரிஸ்காரர் ஒரு தந்திரத்துக்குப் பேடன்ட் வாங்கினார். பல கண்ணாடிகள் வைத்த காமிராவில் ஒரே பிளேட்டில் எட்டுச் சிறு படங்கள்! ஒரு தடவை அச்சிட்டு, கத்தரித்து, விஸிட்டிங் கார்டு அளவு அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். எட்டுப் படத்துக்கு ஒரு படத்தின் வேலைதான். ஊரே அவர் வாசலில் நின்றது. பிறகு ஊரிலுள்ள படக்காரர்கள் எல்லாரும் அதையே செய்ய ஆரம்பித்தார்கள், விலை சரிந்தது, டிஸ்டேரி 1889-இல் ஏழையாகச் செத்தார். 1920-களில் நியூயார்க்கில் ஜோஸப்போ என்பவர் படம் பிடிக்கும் ஆளையே நீக்கிவிட்டு ஒரு கூண்டு செய்தார். 25 ஸென்ட் போட்டால் எட்டுப் படம். 1927-இல் அதன் உரிமையைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார்.

"பார்த்தீர்களா? ஒருவர் கோடீசுவரர், ஒருவர் ஓட்டாண்டி. நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"நான் நடுவுல சார்" என்று சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்தார்.

கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு ஆகாது என்று ஓர் அபவாதம் உண்டு. ஆனால் அந்தப் பக்கத்தை நான் ஒரு துப்பறியும் நாவல் போலப் படித்தேன். குழந்தைக்கு 2,000 ரூபாய் வீதம் 16 குழந்தைகள், வரவு 32,000. ஒரே நாளில்! இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் காமிரா வாங்கிவிடுகிறார்கள் போலிருக்கிறது. ஹால் வாடகை, உதவிப் பையன் சம்பளம், உடுப்பு வாடகை, பூ, சலவை எல்லாம் சேர்ந்து 12,000. மிச்சம் 20,000. சரி, அது ஒரு நாள் கூலியா? முதல் நாள் ஜோடனைக்குப் போகிறது. படம் பிடித்த பிறகு 80 படங்களையும் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாய்த் திருத்த வேண்டும். கன்னத்து மூக்குச் சளியைத் துடைப்பதுகூட அங்கேதான். படத்துக்குப் பத்து நிமிஷம் என்றாலும் 800 நிமிஷம், இரண்டு நாள். ஆக, நாலு நாளைக்கு 20,000. நாளொன்றுக்கு 5,000. தவணையும் காமிராத் தேய்மானமும் அதற்குள்.

"ஐந்து படம்தான் என்று ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? ஒரு டஜன் கொடுத்தால் ஜனங்கள் சந்தோஷப்படமாட்டார்களா?"

"படுவாங்க சார். ஆனா 192 படம் திருத்தணும். அது நாலு நாள். மொத்தம் ஆறு நாள் ஆயிடும். அதே 20,000-ஐ ஆறால வகுத்துப் பாருங்க."

வகுத்துப் பார்த்தேன். 3,333 வந்தது. தாராள மனசு என்பதற்கு நாளொன்றுக்கு 1,667 ரூபாய் விலை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். காலை 8 மணி முதல் அரை மணிக்கு ஒரு குழந்தை: 20 நிமிஷம் படத்துக்கு, 10 நிமிஷம் கிரீடம் மாற்ற. 12 மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவேளை. சின்னக் குழந்தைகளுக்குக் காலை நேரம், தூக்கம் வருவதற்கு முன். நாலு வயசு ஐந்து வயசு வீரர்களுக்குப் பிற்பகல். முதல் மூன்று கண்ணன்கள் வெகு சமர்த்து. ஒருவர் பானையிலிருந்த பஞ்சு வெண்ணெயைத் தின்று பார்த்ததைத் தவிர அசம்பாவிதம் எதுவுமில்லை.

ஒன்பதரை மணிக்கு வந்தாள் நாலாவது கண்ணன். ஆம், வந்தாள், ஒன்றரை வயசுப் பெண். கிரீடத்தைக் கண்டதும் அழ ஆரம்பித்தாள். கிலுகிலுப்பை, பலூன், பாட்டியின் கோலாட்டம் ஒன்றும் பலிக்கவில்லை. தகப்பனார் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கண்ணன் மயிற்பீலியுடன் வாசலில் வந்து நின்றுவிட்டான். இருபது நிமிஷம் தீர்ந்தது. தாயார் முகத்தில் ஈயாடவில்லை. "ரெண்டாயிரம் கட்டியிருக்கோமே" என்று பாட்டி மெதுவாகத்தான் சொன்னாள். ஹாலில் எல்லாருக்கும் கேட்டது.

இந்த இடத்தில் நோட்டுப் புத்தகம் என்ன சொல்லும்? நேரம் முடிந்தது, அடுத்தவர் வரலாம் என்று சொல்லும். ஜோஸப்போவின் கூண்டும் அதையேதான் செய்திருக்கும். இளைஞர் கிரீடத்தைக் கழற்றித் தூர வைத்தார். தாயாரைப் பார்த்து, "அக்கா, நீங்க பானை பக்கத்துல தரையில உக்காருங்க" என்றார்.

"ஐயோ, நான் வேண்டாம் தம்பி. சமையல் புடவையோட வந்துட்டேன். குழந்தையை மட்டும் எடுங்க."

"யசோதை என்ன பட்டுப்புடவையா கட்டிக்கிட்டுத் தயிர் கடைஞ்சாங்க? உக்காருங்க அக்கா."

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்டூடியோக்களில் குழந்தை அசையாமலிருக்கத் தாயாரையே நாற்காலியாக்கி, அவள் மேல் துணியைப் போர்த்தி மறைத்துப் படம் எடுப்பார்களாம். பழைய அட்டைகளில் குழந்தைக்குப் பின்னால் ஒரு துணிக்குவியல் தெரியும், அதுதான் அம்மா. இந்த அம்மாவும் அப்படித்தான் ஒதுங்கப் பார்த்தாள். குழந்தை மடியில் ஏறி, தாலிச் சரடைப் பிடித்துக்கொண்டு, இன்னும் விம்மிக்கொண்டே காமிராவைத் திரும்பிப் பார்த்தது.

அன்று அந்த ஒரு குழந்தைக்கு 45 நிமிஷம் ஆயிற்று. வாசலில் முணுமுணுப்பு கிளம்பியது. இளைஞரின் இடைவேளை குறைந்தது. நாலு இட்டிலியை நின்றபடியே விழுங்கினார். "இந்த ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்குன்னு எழுதியிருந்தாலும் சாப்பாட்டுக்கு இல்ல சார். அழுற குழந்தைகளுக்கு" என்றார்.

நாலு நாள் கழித்து அந்தத் தாயார் எங்கள் மாடிக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்த நாள் முதல் போனில் படம் எடுத்தவள் எல்லாம் அவள்தானாம். அவளும் குழந்தையுமாக ஒரு படம்கூடக் கிடையாதாம். ஐந்து படங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு கம்ப்யூட்டரில் இருந்த ஆறாவது படம் ஒன்றைக் காட்டி, "இதையும் சேர்த்துக் குடுத்துடுங்களேன், தம்பி" என்றாள்.

"தாராளமா அக்கா. கூடுதல் படத்துக்கு 300 ரூபாய்" என்றார் இளைஞர்.

அவள் மறுபேச்சுப் பேசாமல் மூன்று நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணி வைத்தாள்.